அனுப்புநர் மேலே, பெறுநர் கீழே

நீங்கள் நிற்க வேண்டியதில்லை, தம்பி. இந்தப் பலகையின் மறு ஓரம் காலியாகத்தான் இருக்கிறது. சாக்குத் தைக்கும் சுடலைமுத்து என் வண்டியைக் கட்டி முடித்துவிட்டுத்தான் உங்கள் வண்டிக்கு வருவார். அரை மணி ஆகலாம். முக்கால் மணியும் ஆகலாம். தையலைப் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். என்னால் உங்களுக்குத் தாமதம் என்பது தெரியும், அதற்காக வருந்துகிறேன். ஆனால் கோணலான தையலோடு ஒரு பொருளை மூவாயிரத்தைந்நூறு கிலோமீட்டர் அனுப்ப முடியாது.

உங்கள் வண்டி எந்த ஊருக்கு? நாகபுரியா. வங்கியில் மாற்றலா. நல்லது. அந்த ரயில் இரவு ஏழரைக்குத்தான், எனவே உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. பெட்ரோலை வடித்துவிட்டீர்களா? முழுவதும்? குழாயைக் கழற்றிக் கீழே பாத்திரம் வைத்து வடித்தாலும் அடியில் கொஞ்சம் தங்கும். வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து அதையும் வடிக்கச் சொல்லுங்கள். வாசனை வந்தால் ஏற்ற மாட்டார்கள். பேட்டரியின் இணைப்பையும் கழற்ற வேண்டும். கண்ணாடிகள் இரண்டையும் திருகி எடுத்துவிட வேண்டும். ஆர்.சி. புத்தகத்தின் நகல் மூன்று வைத்திருங்கள். இரண்டு போதும் என்பார்கள், பிறகு மூன்றாவது கேட்பார்கள்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள். இது எனக்கு இரண்டாம் முறை. அதே மோட்டார் சைக்கிள், அதே ஊர். ஒரே பொருளை ஒரே இடத்துக்கு இரண்டு முறை அனுப்புகிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். கோமதிநாயகம் — சன்னலுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் பார்சல் குமாஸ்தா — தம்முடைய இருபது ஆண்டுப் பணியில் நான்தான் முதல் ஆள் என்றார். அதைப் பெருமையாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வண்டி என்னுடையது அன்று. என் மகன் தயாளனுடையது. அஸ்ஸாமில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளனாக இருக்கிறான். வயது நாற்பத்து மூன்று. திருமணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அவன் தந்தை இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதைப் பற்றியும் பேசுவதில்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவன் அங்கே வேலைக்குப் போனான். “அடுத்த வருஷம் வந்து ஓட்டிக்கிட்டே போயிருதேம்மா” என்றான். அடுத்த வருடம் வந்தான். ஓட்டிக்கொண்டு போகவில்லை. அதற்கு அடுத்த வருடமும் வந்தான். அப்படி எட்டு டிசம்பர்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஏழு மணிக்கு நான் வண்டியை உயிர்ப்பித்துப் பத்து நிமிடம் ஓட விடுவேன். ஏறி ஓட்ட மாட்டேன், நிறுத்தியபடியே. சாவியைத் திருப்பிப் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிடம் என்று அவன் சொல்லியிருந்தான். எனவே பத்து நிமிடம். பக்கத்து வீட்டார் புகை வருகிறது என்று முறையிட்டார்கள். ஒன்பதாவது நிமிடத்தில் நிறுத்துங்கள் என்றால் நிறுத்திவிட முடியுமா?

அவன் வருவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் குறை அங்கேதான் தொடங்குகிறது. மூன்று நாள் ரயிலில் வருவான். வாசலில் பையை வைப்பான். முகம் கழுவ மாட்டான். காபி குடிக்க மாட்டான். நேரே கொட்டகைக்குப் போவான். பன்னிரண்டு நாள் விடுப்பு என்றால் பன்னிரண்டு நாளும் கொட்டகையில்தான் இருப்பான். கழற்றுவான், மண்ணெண்ணெயில் கழுவுவான், துடைப்பான், பூட்டுவான். மறுநாள் வேறொன்றைக் கழற்றுவான். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் அப்படிக் கழற்ற என்ன இருக்கிறது என்று நான் ஒருமுறை கேட்டேன். “இருக்கும்மா” என்றான்.

நான் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து நாளிதழ் வாசிப்பேன். சில செய்திகளை உரக்க வாசிப்பேன். அவன் “ம்” என்பான். ஸ்பேனர் கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். பன்னிரண்டா பதினான்கா என்று எண்ணைப் பார்த்துத்தான் கொடுப்பேன்; ஒருமுறையும் தவறாகக் கொடுத்ததில்லை. சில சமயம் அவன் கேட்பதற்கு முன்னரே அடுத்தது எது என்று எனக்குத் தெரிந்துவிடும். காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை. பிறகு மாலை நான்கு முதல் விளக்கு வைக்கும் வரை. என்னோடு அமர்ந்து பேச அந்தப் பன்னிரண்டு நாளில் அவனுக்கு ஒரு மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. இதை நான் வருத்தத்தோடு சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சென்ற டிசம்பர் இருபத்தேழாம் தேதி. மதியம் ஒன்றேகால். மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு முறை அழைத்தேன். “அஞ்சு நிமிஷம்மா” என்றான். இருபது நிமிடம் ஆயிற்று. நான் கொட்டகைக்குப் போய், “வண்டியைப் பார்க்கத்தான் நீ மூன்று நாள் பயணம் செய்து வருகிறாய் என்றால், அதை அங்கேயே கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாமே. உனக்கும் அலைச்சல் மிச்சம், எனக்கும் இடம் மிச்சம்” என்றேன்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உண்டான். குழம்பை இரண்டாவது முறையும் ஊற்றிக்கொண்டான். ஆகவே அவன் வருத்தப்பட்டதாக நான் கருதவில்லை.

ஜூலையில் ஒரு செய்தி அனுப்பினான். “அம்மா, நீங்க சொன்னது சரிதான். வண்டிய இங்க அனுப்பிருங்க. ரயில்ல பார்சல் போடலாமாம்.” நான் “அனுப்புகிறேன்” என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது? யோசனை என்னுடையது. ஏற்றுக்கொண்டிருக்கிறான். ஒருவர் தம் யோசனை ஏற்கப்பட்டதற்காகக் குறைப்படுவது முறையாகாது.

இங்கே வந்து விசாரித்தேன். கோமதிநாயகம் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துவிட்டு, “டீச்சர், வண்டி ஒங்க மகன் பேருல இருக்கு. அவங்கதான் நேர்ல வந்து போடணும்” என்றார்.

“உரிமையாளர் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதம் இருந்தால் வேறொருவர் அனுப்பலாம்” என்றேன். வருவதற்கு முன்பே விதிகளைக் கேட்டறிந்திருந்தேன்.

“அது இருக்குதான். ஆனா நா என்ன சொல்லுதேன்னா…” என்று அவர் என் முகத்தைப் பார்த்தார். “நேர்லதான் வரணும்னு நா சொன்னதாச் சொல்லுங்களேன். ஒரு எட்டு வந்துட்டுப் போகட்டுமே. ஆபீஸ்ல கேக்காங்கன்னா மறுக்க முடியாதுல்லா.”

விதியில் இல்லாத ஒன்றை நான் எப்படிச் சொல்வேன்? அவரிடம் அப்படியே கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “சரி டீச்சர், லெட்டர் வாங்கிட்டு வாங்க” என்றார். நல்ல மனிதர்தாம். ஆனால் அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் இவ்வளவு இளக்கம் காட்டக் கூடாது.

தயாளன் கடிதம் அனுப்பினான். தேதி இல்லை. பொருள் என்ற வரி இல்லை. ‘என் அம்மா அனுப்புவார்கள்’ என்று எழுதியிருந்தான். அம்மாவின் பெயர் எங்கே? முப்பத்து நான்கு ஆண்டுகள் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்தேன், தம்பி. கடிதப் பகுதிக்கு மதிப்பெண் முழுமையாகப் பெறாத மாணவி என் வகுப்பில் இல்லை. அந்தக் கடிதத்தில் பிழைகளைச் சுட்டித் திருப்பி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து இரண்டாவது கடிதம் வந்தது. பிழையில்லை. என் பெயரை முழுதாக எழுதியிருந்தான்: திருமதி கிரேஸ் புஷ்பமணி பாக்கியநாதன். என் மகன் கையெழுத்தில் என் பெயரை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான்.

ஞாயிறுதோறும் பேசுவோம்; அந்த ஞாயிறு தொலைபேசியில், “அம்மா, இது சரியா இருக்கா? இன்னும் ஏதாவது வேணுமா?” என்றான்.

“வேண்டாம். எல்லாம் சரியாக இருக்கிறது” என்றேன்.

“வேற ஏதாவது?”

“வேறொன்றுமில்லை.”

செப்டம்பர் பத்தாம் தேதி வண்டியை ஒரு சிறிய லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்தேன். கட்டுவதற்குச் சுடலைமுத்துதான் கைதேர்ந்தவர் என்றார்கள். கைதேர்ந்தவர்தாம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. முதலில் டேங்கின் மேல் பழைய போர்வை. அதன்மேல் வைக்கோல். முன்விளக்கைச் சுற்றி அட்டை, அட்டையைச் சுற்றி வைக்கோல். சக்கரங்களுக்குத் தனிச் சாக்கு. பிறகு முழு வண்டிக்கும் சாக்கைப் போர்த்தி, கோணி ஊசியில் சணல் கோத்துத் தைக்கிறார். ஊசி என் சாண் அளவு இருக்கும். நான் வீட்டிலிருந்து ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தேன். இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் விளக்கு மறைந்தது. பிறகு டேங்க். பிறகு இருக்கை. கடைசியில் எது முன், எது பின் என்றே தெரியவில்லை.

சுடலைமுத்து என்னைத் திரும்பிப் பார்த்து, “என்ன டீச்சரம்மா, பொணம் கட்டுததப் பாக்க மாதிரி பாக்கிய? வண்டிதான, போய்ச் சேந்துரும்” என்றார்.

“நான் தையலைப் பார்க்கிறேன்” என்றேன்.

“பாருங்க, பாருங்க. எங்க அம்மைகூட இப்பிடிப் பாக்க மாட்டா, நா சாப்புடுததை.”

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று கேட்கிறீர்களா? ஒன்றும் தோன்றவில்லை. கேட்டதனால் சொல்கிறேன்; நான் யோசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. பசியும் இல்லை. வீட்டுக்குப் போய்க் கொட்டகையைக் கூட்டினேன். தரையில் எண்ணெய்க் கறை இருந்தது. சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. மறுநாளும் தேய்த்தேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கொட்டகைக்குப் போய் நின்றேன். பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன். பழக்கம்.

முகவரி விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதுதான் முக்கியம்; உங்களுக்கும் பயன்படும். கட்டி முடித்ததும் சுடலைமுத்து ஒரு தகரத்தில் கறுப்பு மை எடுத்து, தேங்காய் நாரால் செய்த தூரிகை ஒன்றினால், சேரும் நிலையத்தின் பெயரைச் சாக்கின் மேல் பெரிதாக எழுதப் போனார். மை வழிந்தது. எழுத்து அழகாகவும் இல்லை, முழுமையாகவும் இல்லை. ‘வேண்டாம், நான் அட்டைகள் எழுதி வைத்திருக்கிறேன்’ என்று சொல்லி நிறுத்தினேன். நான்கு அட்டைகள். தடித்த அட்டை, எழுத்து ஒவ்வொன்றும் ஓரங்குல உயரம். அங்கே உள்ளவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தேன். முறைப்படி மேலே இடப்பக்கம் அனுப்புநர், என் பெயர், என் முழு முகவரி. அதற்குக் கீழே பெறுநர், அவன் பெயர், அவன் முழு முகவரி. கடிதம் அப்படித்தானே தொடங்கும்? நீங்களும் பள்ளியில் அப்படித்தானே எழுதினீர்கள்?

சுடலைமுத்து அட்டையை வாங்கிப் பார்த்தார். “டீச்சரம்மா, போய்ச் சேருத ஊரத்தான் மேல போடணும். பெருசாப் போடணும். ஏத்துதவன் மொத வரியத்தான் பாப்பான்” என்றார்.

“படிக்கத் தெரிந்தவன் முழுவதையும் படிப்பான்” என்றேன்.

“படிக்கத் தெரிஞ்சவன் ஏம்மா மூட்ட தூக்குதான்?”

அது பேச்சு சாமர்த்தியம். நான்கு பக்கமும் அட்டைகளை வைத்துத் தைக்கச் செய்தேன்.

இருபத்து மூன்று நாள் கழித்துக் கோமதிநாயகம் தொலைபேசியில் அழைத்தார். “டீச்சர், ஒங்க பேருக்கு ஒரு வண்டி வந்திருக்கு.”

“நான் யாரிடமிருந்தும் வண்டி எதிர்பார்க்கவில்லை” என்றேன்.

“வந்து பாருங்களேன்” என்றார்.

வந்து பார்த்தேன். அதோ, அந்தத் தூணின் அருகே நின்றது. சாக்கெல்லாம் செம்மண். ஒரு பக்கம் கிழிந்து வைக்கோல் வெளியே தொங்கியது. சாக்கின்மேல் சுண்ணக்கட்டியில் யார் யாரோ எதை எதையோ எழுதியிருந்தார்கள். இரண்டு மூன்று மொழிகளில். அவர்கள் இங்கே ஒட்டிய எண் சீட்டு மழையில் போய்விட்டது. வழியில் ரயில் மாற்றும் இடத்தில் ஒருவன் அட்டையைப் பார்த்திருக்கிறான். மேலே என் பெயர், பாளையங்கோட்டை, திருநெல்வேலி. தெற்கே போகும் ரயிலில் ஏற்றிவிட்டான். எந்த நிலையம் என்று நான் சொல்லப்போவதில்லை. தவறு அவர்களுடையது அன்று. யாருடைய தவறு என்று நான் கேட்டபோது கோமதிநாயகம் அட்டையை விரலால் தொட்டுக் காட்டினார். சுடலைமுத்து அந்தப் பக்கம் திரும்பி நின்று பீடி பற்றவைத்துக்கொண்டார். நாகரிகமான மனிதர்.

ஐம்பது ஆண்டுகளில், தம்பி, முறைப்படி எழுதிய ஒன்று தவறாகப் போனதை நான் பார்த்ததில்லை.

அன்று ஞாயிறு இல்லை. எனினும் தயாளனை அழைத்து நடந்ததைச் சொன்னேன். “அம்மா… ஃப்ரம் அட்ரஸ மேல எழுதுனீங்களா?” என்றான்.

“ஆம்.”

“டூ அட்ரஸ் கீழயா?”

“ஆம்.”

சிரித்தான். என் மகன் சிரித்து நான் எப்போது கேட்டேன் என்று நினைவில்லை. பள்ளி நாட்களில் சிரித்திருப்பான். நான் தொலைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது வினாடி இருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு, “விடுங்கம்மா. அதுக்கு ஊர விட்டு வர மனசில்ல போலருக்கு. கொட்டகையிலயே கெடக்கட்டும். டிசம்பர்ல நா வந்து பாத்துக்கிடுதேன்” என்றான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? பிழை என்னுடையது. பிழை செய்தவர் திருத்த வேண்டும். “வேண்டாம். சரியாக எழுதித் திரும்ப அனுப்புகிறேன். நீ இதற்காக வர வேண்டியதில்லை” என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. இயல்புதானே; எவ்வளவு நேரம் ஒருவன் சிரிப்பான்?

“சரிம்மா” என்றான். “அனுப்புறதா இருந்தா ஒண்ணு சொல்லுதேன். டிசம்பர்ல இங்க ஃபேக்டரிய அடைப்பாங்க. யாரு யாரு ஊருக்குப் போறான்னு நவம்பர் பதினஞ்சாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பேரு குடுக்கணும். வண்டி கெளம்பிருச்சுன்னா நா பேரு குடுக்கல. இங்கேயே இருந்து அத எடுக்கணும்லா. கெளம்பலன்னா சொல்லுங்க, குடுத்துருதேன்.”

“கிளம்பிவிடும்” என்றேன். “புதிய அதிகாரக் கடிதம் ஒன்று வேண்டும்.”

“அனுப்புதேன்” என்றான். அனுப்பினான். இந்த முறை ஒரு பிழையும் இல்லை.

இன்று பதினைந்து. ஆம், சனிக்கிழமை.

முன்பே அனுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். அனுப்பத்தான் வந்தேன். புதன்கிழமை வந்தேன். அட்டைகளைப் புதிதாக எழுதியிருந்தேன்: பெறுநர் மேலே, பெரிதாக, அனுப்புநர் கீழே, சிறிதாக. எனக்கு அது தலைகீழாகத்தான் தெரிகிறது, இருக்கட்டும். அன்று தூறல். மை கசிந்தது. கசிந்த எழுத்தோடு அனுப்பி மறுபடியும் திரும்பி வந்தால்? வீட்டுக்குப் போய் நான்கையும் மீண்டும் எழுதினேன். வியாழக்கிழமை வந்தேன். வைக்கோலைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம். ஈர வைக்கோலைச் சுற்றினால் இரும்பு துருப்பிடிக்காதா? காய்ந்த வைக்கோல் கொண்டுவரச் சொன்னேன். “மழ நாள்ல எங்கன போயி டீச்சரம்மா?” என்றார். நேற்று கொண்டுவந்துவிட்டார். எங்கிருந்து கொண்டுவந்தார் என்று தெரியவில்லை. ஆனால் நேற்று வலப்பக்கக் கைப்பிடியைச் சுற்றிய விதம் எனக்குத் திருப்தி அளிக்கவில்லை. அது டேங்கில் உரசும். பிரித்துக் கட்டச் சொன்னேன். கட்டுவதற்குள் மூன்று மணியாகிவிட்டது. அஸ்ஸாமுக்கு அனுப்பும் ரயிலுக்கு மூன்று மணியோடு பார்சல் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள்.

இன்று தையல். சாதாரணமாக விரலிடைக்கு ஒன்றாக இருக்க வேண்டும். நான் கையால் தடவிப் பார்த்தேன். சில இடங்களில் இரண்டு விரல் போகிறது.

சுடலைமுத்து என்ன சொன்னார் தெரியுமா? “இது என்ன பாவாடைக்கு ஓரம் அடிக்கதா டீச்சரம்மா? நாலு நாளா ஒரே வண்டியத் தச்சுத் தச்சுப் பிரிக்கேன். ஏங்கிட்ட மட்டும் சொல்லுங்க. இத அனுப்பணுமா, அனுப்ப வேண்டாமா?”

எல்லார் முன்னிலையிலும் கேட்டார். அந்தச் சுமை தூக்குபவர்கள் சிரித்தார்கள்.

“அனுப்பத்தான் வேண்டும். ஒழுங்காக அனுப்ப வேண்டும்” என்றேன்.

“அப்பிடின்னா இது ஒழுங்குதான்” என்றார். நான் தையலை மறுபடியும் தடவிப் பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டு ஊசியை எடுத்துக்கொண்டார். பிரிப்பதற்குத் தைப்பதைவிட அதிக நேரம் ஆகும் போலிருக்கிறது.

மணி என்ன, தம்பி? இரண்டு ஐம்பதா.

நீங்கள் சொல்வது விளங்குகிறது. தையல் உறுதியாகத்தான் இருக்கிறது, இழுத்தாலும் விடாது என்கிறீர்கள். வங்கிக்காரர், பார்த்தவுடன் ஒரு முடிவுக்கு வரப் பழகியவர். நீங்கள் கேட்க நினைத்துக் கேட்காத கேள்வியும் விளங்குகிறது. என் விருப்பம் என்ன என்று. அவன் அதைக் கேட்கவில்லை. குமாஸ்தா கேட்டார், சாக்குத் தைப்பவர் கேட்டார், இப்போது நீங்கள். கேட்க வேண்டியவன் வேறு ஏதாவது வேண்டுமா என்றுதான் கேட்டான். அதற்கு நான் சரியான விடை சொல்லிவிட்டேன்.

அழைக்கிறார். முடித்துவிட்டார் போலிருக்கிறது. பையைப் பார்த்துக்கொள்ளுங்கள், வந்துவிடுகிறேன்.

பார்த்துவிட்டேன். தையல் பரவாயில்லை. நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஹேண்டில் பாருக்குக் கீழே, இடப்பக்கம், ஓரிடத்தில் ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது. ஆம், ஒன்றுதான். அந்த வரிசையை மட்டும் பிரிக்கச் சொன்னேன். சுடலைமுத்து என்னைப் பார்த்தார். ஊசியைச் சாக்கிலேயே குத்தி வைத்துவிட்டு, “நாளைக்கு வாங்க டீச்சரம்மா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “நாளைக்கும் வாங்க. நா எங்கயும் போகல” என்றார். கோமதிநாயகமும் சன்னலைச் சாத்திவிட்டார்; உங்கள் ரயிலுக்கு மறுபடி திறப்பார். வழக்கமாக மூன்றுக்கு மேலும் ஐந்து நிமிடம் பார்ப்பார். இன்று ஏனோ முன்னதாகவே சாத்திவிட்டார்.

இனி உங்கள் வண்டிக்கு வந்துவிடுவார். போர்வை கொண்டுவந்திருக்கிறீர்கள் அல்லவா? டேங்குக்கு இரண்டு மடிப்பாகப் போடச் சொல்லுங்கள்.

நான் ஐந்து மணிக்கு முன்னால் அவனுக்குத் தொலைபேசியில் சொல்லியாக வேண்டும். என்ன சொல்வேன் என்றால், வண்டி கிளம்பவில்லை என்று சொல்வேன். ஏன் என்று கேட்டால், ஒரு தையல் விட்டுப்போயிருந்தது என்பேன். அதுதானே நடந்தது? பேர் கொடுப்பதும் கொடுக்காததும் அவன் முடிவு. நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஒரு சிறு உதவி. இந்தத் தொலைபேசியில் அவன் எண்ணை எடுத்து அழுத்தித் தருகிறீர்களா? தயாளன் என்று இருக்கும். மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். காலையிலிருந்து அருகில் இருப்பது எதுவுமே எனக்குத் தெரியவில்லை.